மரவேலை செய்த அப்பா: அவரைப் பற்றி எதை எழுதுவது, பட்டறையை என்ன செய்வது?

தச்சர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன மாதம் காலமானார். வாழ்நாள் முழுக்க மரவேலைதான். கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி, பள்ளிக்கூட பெஞ்சு, யாராவது கேட்டால் ஊன்றுகோல், கேட்காமலே குழந்தைகளுக்குத் தொட்டில். நினைவுக் கூட்டத்தில் வீட்டின் சார்பில் நான்தான் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. பேசுவதை எழுதி, பேரப்பிள்ளைகள் பெரியவர்களானதும் படிக்கும்படி ஒரு சிறு புத்தகமாகக் கட்டிவைக்கவும் எண்ணம்.

எழுத உட்கார்ந்தால் "கடினமாக உழைத்தார், குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார்" என்று வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் நல்ல மனிதர் எவர் இறந்தாலும் இதையே எழுதிவிடலாம், அப்பாவின் முகம் அதில் இல்லை. அவர் அதிகம் பேசாதவர் என்பதால் "அப்பா அடிக்கடி சொல்வார்" என்று தொடங்கவும் வழியில்லை. எங்களிடம் சொன்னதை விடச் செய்து கொடுத்ததுதான் அதிகம்.

சிறுவயதில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நாற்காலி. பக்கச் சட்டங்களின் உட்புறம் வரிசையாகக் காடி, அதாவது பலகை நுழையும் நீளப் பள்ளம், வெட்டியிருப்பார், உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் உருவி, நாங்கள் வளர வளரக் கீழே இறக்கிச் செருகிவிடுவார். கால் அந்தரத்தில் தொங்கினால் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதாது என்பது அவர் கணக்கு. அதில் இப்போது என் மகன் உட்காருகிறான். அப்புறம், அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து விரல்கள் சரியாக மடங்காமல் போன காலத்தில், சமையலறை அலமாரிகளில் இருந்த உருண்டைக் குமிழ்களை எல்லாம் கழற்றிவிட்டு, நான்கு விரலும் உள்ளே நுழையும் நீளமான பிடிகளை மாட்டினார். விரல் நுனியால் பற்றி இழுக்க முடியாதவர்கள் முழுக்கையைப் போட்டு இழுத்துவிட முடியும் இல்லையா, அதற்காக. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா திறக்கப் போனபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இப்படிச் சில இருக்கின்றன. இவற்றைக் கோர்த்து ஒரு மனிதரை எப்படி எழுதுவது? கூடவே இன்னொன்று, பட்டறை அப்படியே கிடக்கிறது. கருவிகள், அடுக்கிவைத்த மரம், பாதியில் நிற்கும் ஓர் அலமாரி. அவரிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் தினமும் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எதையும் தொடக் கூடாது என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய உளி:

ஆழ்ந்த இரங்கல் அம்மா. நானும் தச்சன்தான், வயதாகிவிட்டதால் இப்போது சின்ன வேலைகள் மட்டும். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த மேசை ஒன்றை என் முன்னால் வைத்தால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். அதனால் எழுதுவதற்கு முன்னால் அவர் செய்த சாமான்களைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் எல்லோரும் பார்ப்பது, அதை எவனும் அழகாகச் செய்துவிடுவான். ஆளைக் காட்டுவது அடிப்பக்கம்.

மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு எப்படிச் சேர்த்திருக்கிறார் என்று பாருங்கள். மரம் அறுத்துக் காயவைத்த பிறகும் அடங்குவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அகலத்தில் உப்பும், வறண்டால் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஆண்டு வளையம் போகும் போக்கில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளிப்பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது தெரிந்து அதற்குக் கட்டுப்பட்டவர் திருகாணிக்கு வட்டத் துளை போடாமல் நீளமான துளை போட்டிருப்பார், அல்லது சட்டத்தில் காடி எடுத்து, சின்னக் கட்டைகளால் பலகையைக் கவ்வவிட்டு, அது நகர இடம் கொடுத்திருப்பார். பசை பூசி ஒரேயடியாக இறுக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். பார்க்கவும் வித்தியாசம் தெரியாது. நாலைந்து பருவம் மாறியதும் பலகை நடுவில் பிளக்கும், அப்போது செய்தவன் பக்கத்தில் இருக்கமாட்டான். தான் இல்லாத காலத்தில் அந்த மேசை என்ன ஆகும் என்று யோசித்து உங்கள் அப்பா வேலை செய்திருக்கிறார் என்றால், அந்தத் துளையைப் பற்றி எழுதுங்கள். நேர்மையானவர் என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே வராது.

இழுப்பறைகளையும் வெளியே உருவிப் பின்பக்கம் பாருங்கள். மூலைகளில் புறாவால் வெட்டு, அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோர்க்கும் இணைப்பு, இருந்தால், வெட்டின் அடியை ஒட்டி ஒரு மெல்லிய கீறல் ஓடும். ரம்பத்தை எங்கே நிறுத்துவது என்று முதலில் கிழித்துக்கொண்ட கோடு அது. சிலர் கடைசியில் இழைத்து எடுத்துவிடுவார்கள், சிலர் விட்டுவைப்பார்கள். உங்கள் அப்பா எந்த வகை என்று அங்கேயே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பின்பலகையை இழைத்திருக்கிறாரா, ரம்பம் அறுத்த சொரசொரப்போடு விட்டிருக்கிறாரா என்பதையும் தடவிப் பாருங்கள்.

கீழ்க்காற்று:

இரங்கல்கள் அக்கா. அம்மாவின் அலமாரிப் பிடியைப் பற்றிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதை எழுதிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:

இரங்கல்கள். நான் சொல்வது சிலருக்கு ஒப்பாமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். என் அப்பாவும் மரவேலைக்காரர். ஒரு தொழிற்கூடத்தில் இயந்திர ரம்பத்தில் பல ஆண்டுகள் நின்றவர். அவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் "ஓய்வே எடுக்காத மனிதர்" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவரை ஓய்வெடுக்க விடாதது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. காதுக்கு அடைப்பானும் மூக்குக்குக் கவசமும் அங்கே யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வெளியிட்டது, முக்கியமாக மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் வருவது. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம், அதுதான் காதுக்குப் பொதுவாக வைக்கப்படும் எல்லை. வட்ட ரம்பமும் இழைப்பு இயந்திரமும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சத்தம் ஏற ஏற நிற்கக்கூடிய நேரமும் குறைய வேண்டும், ஆனால் அங்கே வேலை நேரம் கூடிக்கொண்டுதான் போனது. கடைசி ஆண்டுகளில் பேரன் பேசியது அவர் காதில் விழவில்லை. சிரித்துத் தலையாட்டுவார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார் என்பது எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

அதனால் உழைப்பைப் புகழும்போது, அது அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் என்றால் கட்டாயம் எழுதுங்கள். அவர்களில் ஒருவர் இதே வேலைக்கு வரலாம்.

மெழுகுவிளக்கு:

நெடுஞ்சாலை தம்பி, உன் கோபம் நியாயமானது. ஆனால் எல்லாருடைய உழைப்பும் பிடுங்கப்பட்டது அல்ல. என் கணவர் மரச்செதுக்கு வேலை செய்தவர், சொந்தப் பட்டறை. நேரமாகிவிட்டது வாருங்கள் என்றால் "இந்த இதழை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்பார். அந்த இதழ் முடிந்தால் பக்கத்து இதழ் இருக்கும். யாரும் அவரைக் கட்டிவைக்கவில்லை, அங்கே இருக்க அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கு அதில் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு. அவர் போன பிறகும் இரண்டில் ஒன்று குறைந்ததாகத் தெரியவில்லை. எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா என்ன?

மகளே, உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பாவை எழுதும்போது அம்மாவை அவருக்குப் பக்கத்திலேயே எழுது. உப்புத்தாள் தேய்த்தது யார், கூலி பாக்கி எவ்வளவு என்று நினைவில் வைத்திருந்தது யார், வேலை இல்லாத மாதங்களில் வீட்டை ஓட்டியது யார் என்று கேள். அமெரிக்காவில் சாம் மாலூஃப் என்று ஒரு மரவேலைக் கலைஞர், ஆடும் நாற்காலிகளுக்குப் பேர்போனவர், 2009-ல் தன் 93-ஆம் வயதில் இறந்தார். 1985-ல் மெக்ஆர்தர் நல்கை என்ற பெரிய உதவித்தொகை பெற்றவர். கடைசி வரை தன்னை மரவேலைக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டார். அவர் கைக்கு வேலை, வேலை, வேலை என்று ஓடிக்கொண்டிருந்தபோது தொழிலின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர் மனைவி ஆல்ஃப்ரெடா. இப்படி ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பட்டறைக்குப் பின்னாலும் உண்டு, பெயர்தான் பலகையில் இருக்காது.

சீவல்:

எழுத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்கிறார்கள், நான் பட்டறைக்கு வருகிறேன், ஏனென்றால் இது அவசரம். அக்கா, முதலில் அங்கே எண்ணெய் துடைத்த பழந்துணி குவியலாகக் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசும் வழக்கம் அவருக்கு இருந்திருந்தால் இது முக்கியம். அந்த எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். நனைந்த துணிகள் சுருண்டு குவிந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும், நெருப்புப்பொறி எதுவும் தேவையில்லை. ஒரு மாதம் கிடந்து காய்ந்து விறைத்த துணியில் அந்த ஆபத்து பெரும்பாலும் கடந்திருக்கும், ஆனால் தம்பி சுத்தம் செய்கிறேன் என்று புதிதாக எண்ணெய் துடைத்துப் பழையதோடு சேர்த்துப் போடக் கூடாது. வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடலாம், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் அமுக்கி மூடிவைக்கலாம்.

அடுத்தது, எதையும் நகர்த்துவதற்கு முன்னால் நான்கு சுவரையும் வேலை மேசையையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். எந்தக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எது உயரத்தில் தொங்கியது என்பதிலேயே அவர் வேலை செய்த முறை இருக்கிறது. கழற்றி எடுத்துவிட்டால் அது திரும்ப வராது. இரும்புப் பாகங்களை உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள், தண்ணீர் வேண்டாம். மரக் கைப்பிடிகளை உப்புத்தாள் போட்டுப் புதிதாக்க வேண்டாம். அவர் கை பட்டுப் பட்டு வந்த வழவழப்பு அது, தேய்த்தால் போயே போய்விடும்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு: இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் செய்பவர் ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார், மகன்கள் பிரான்செஸ்கோவும் ஓமோபோனோவும் அடுத்த சில ஆண்டுகளிலேயே போய்விட்டார்கள். இன்னொரு மகன் பாவ்லோ, வயலின் செய்பவர் அல்ல. அவர்தான் அப்பாவின் அச்சுகள், காகித வார்ப்புருக்கள், கருவிகளைச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றார். விற்றதால் அழியவில்லை, மொத்தமாக ஒரே கைக்குப் போனதால் பிழைத்தது. கைமாறிக் கைமாறி 1930-ல் அவர் வேலை செய்த கிரெமோனா நகரத்துக்கே திரும்பி வந்து, இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்பதில் தவறில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். உதிரி உதிரியாக யார் யாருக்கோ கொடுத்துவிடுவதுதான் வருத்தம்.

வேலை பழகுபவன்:

நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். என் ஆசான் இறந்தபோது அவர் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, துக்கத்தில் இருந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு மனிதர் எனக்குத் தெரியும். கோடு கிழித்துவிட்டு ரம்பத்தை வைப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் கழிவு என்று பென்சிலால் பெருக்கல் குறி போடச் சொல்வார். எத்தனை ஆண்டு அனுபவம் வந்த பிறகும் தானும் போடுவார். உளியின் முனையை 25 பாகைக்குச் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகைக்குத் தீட்டுவார், தீட்டி முடித்ததும் முன்கையில் முடியை மழித்துப் பார்ப்பார், அதனால் அவருடைய இடது முன்கையில் முடியே இருக்காது. அவர் பிள்ளைகள் அதைத் தோல் நோய் என்று நினைத்திருந்தார்கள்.

வேலை பழகும்போது ஆசான் திட்டினதும் நினைவிருக்கிறது. ஒருமுறை நான் சட்டத்தைக் கோணலாக மாட்டிவிட்டு மெழுகால் இடைவெளியை அடைத்துவிட்டேன் என்பதைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர் முன்னால் ஒன்றும் சொல்லாமல், அவர் போன பிறகு முழுவதையும் கழற்றவைத்தார். கூலியில் பிடிக்கவில்லை. கூடவே நின்று இரண்டாம் முறையும் செய்தார்.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள் அக்கா. பதிவு செய்துகொண்டே கேளுங்கள். கருவியில் பாதியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் அவர் எதில் பழகினாரோ அந்த உளிகளையாவது.

தச்சர் மகள்:

எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. துணிகளை அன்றைக்கே அப்புறப்படுத்தியாயிற்று, படமும் எடுத்துவிட்டோம்.

பழைய உளி ஐயா, மேசையைக் கவிழ்த்தோம். நீள்துளைதான். ஒவ்வொரு துளையும் கைத்துளைப்பானால் பக்கத்தில் பக்கத்தில் குடைந்து, நடுவை உளியால் சீர்படுத்தியது. இழுப்பறையில் அந்தக் கீறல் கோடு அப்படியே இருக்கிறது. பின்பலகை வழவழவென்று இருக்கிறது, உள்பக்கமும்.

தம்பியிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் சொன்னதில் எனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்று இருந்தது. பட்டறை மூலையில் மெல்லிய குச்சிகள் கட்டுக்கட்டாக நிற்கும், விறகு என்றே நினைத்திருந்தோம். அவை அளவுக் குச்சிகள். அப்பா நாடாவைப் பார்த்து எண்ணாக எழுதிக்கொள்வதை விட, குச்சியை நேராகச் சுவரில், நிலையில் வைத்து அங்கேயே கோடு போட்டுக்கொண்டு வருவாராம். எண்ணை மாற்றி எழுதிவிடலாம், குச்சி பொய் சொல்லாது என்பாராம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குச்சி, பக்கத்தில் அந்த வீட்டுக்காரரின் பெயர் முதலெழுத்து. அந்தக் குச்சிகளில் ஒன்று எங்கள் வீட்டுக்கு உரியது. அதில் அம்மாவின் முழங்கை உயரம் குறித்திருக்கிறது, அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு கோடு, அதுதான் எங்கள் சமையல் மேடையின் உயரம். முழங்கைக்கு அதே குச்சியில் பிறகு போட்ட இன்னொரு கோடும் இருந்தது, அம்மாவை நிற்கவைத்து அதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பிந்திய கோடு கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. அம்மாவுக்கு வயதாகிக் கூன் விழுந்தபோது மறுபடியும் அளந்திருக்கிறார். மேடையைத் தாழ்த்த மரம் எடுத்துவைத்திருந்தார் என்று தம்பி சொன்னார், அதற்குள் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது.

நெடுஞ்சாலை அண்ணா, நீங்கள் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கும் கடைசியில் இருமல் இருந்தது, இடது காது மந்தம். அண்ணன் அதை எழுத வேண்டாம் என்றார். அம்மாதான் "எழுது, அந்த இருமலோடு ராத்திரி முழுக்க விழித்திருந்தது நான்" என்றார். எழுதுகிறேன். மெழுகுவிளக்கு அம்மா, அந்த வரியோடு அம்மாவும் உள்ளே வந்துவிட்டார்.

பாதியில் நிற்கும் அலமாரிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார். சட்டங்கள் முடிந்துவிட்டன, கதவுகளுக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, முடித்துக் கொடுப்பதா?

நெடுஞ்சாலை:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சமையல் மேடையை யாராவது தாழ்த்திக் கொடுத்துவிடுங்கள், மரம் எடுத்துவைத்திருக்கிறார் என்றால் அதுவும் பாதியில் நிற்கும் வேலைதான்.

சீவல்:

அலமாரியை முடிப்பதற்கே என் ஓட்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா 1990-ல் இறந்த பிறகு அவர் பட்டறையை மகள் மிராதான் ஏற்று நடத்தினார், அப்பாவின் வடிவங்களையும் செய்தார், தன் வடிவங்களையும் செய்தார். கைத்தொழிலில் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பது புதிதல்ல.

பழைய உளி:

முடிக்கலாம், ஆனால் முதலில் வாடிக்கையாளரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். செய்தவர் இறந்துவிட்டார், அவரிடம் பழகியவர் முடிப்பார், வேண்டாம் என்றால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று. முடிவு அவருடையது. பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

தம்பிக்குச் சொல்லுங்கள், அறுத்து வைத்த பலகைகளை உடனே மாட்ட வேண்டாம். ஒரு மாதம் மூடிய பட்டறையில் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது, ஒரு பக்கம் காற்றுப் பட்டு ஒரு பக்கம் படாமல் வளைந்திருக்கலாம். இடையில் குச்சி வைத்துப் படுக்கவைத்து அடுக்கி, இரண்டு பக்கமும் காற்றுப் போகும்படி சில வாரம் விடட்டும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் 8 முதல் 12 சதவீதத்துக்குள் வந்ததா என்று பார்த்துக்கொள்ளட்டும். நேர்கோல் வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் மறுபடி இழைத்துவிட்டு மாட்டட்டும். பலகையைக் காடிக்குள் சும்மா உட்காரவைக்க வேண்டும், பசை சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும். உங்கள் அப்பா நீள்துளை போட்டவர், இதை நிச்சயம் சொல்லிக்கொடுத்திருப்பார், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலியில் தம்பியின் பங்கைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். சமையல் மேடையை அலமாரிக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், பலகைகள் காய்வதற்கு எப்படியும் நாள் ஆகும்.